அப்பப்பாவின் பந்தயக் கார்: முற்பணம் அனுப்பும் முன் இரும்பைப் பாருங்கள்

ரொறன்ரோவிலிருந்து ஒரு தம்பி அழைத்தார். யாழ்ப்பாணத்தில் இணுவில் பக்கம் ஒரு வளவில் அவருடைய அப்பப்பாவின் எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறதாம். ஐம்பதுகளின் தொடக்கத்தில் நுவரெலியாவில், மகாகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயத்தில் ஓடிய அதே கார். விலை பேசியாயிற்று, முற்பணம் அனுப்புவதுதான் பாக்கி. "ஒரு பேச்சுக்குப் பார்த்துவிட்டு வருவீர்களா, ஐயா?" என்றார். காப்புறுதிக்காரருக்கும் வங்கிகளுக்கும் வாகனம் மதிப்பிட்டே தலை நரைத்தவன் நான். பேச்சுக்குப் பார்த்துப் பழக்கமில்லை, பார்த்தால் காருக்குக் கீழே படுத்துத்தான் பார்ப்பேன் என்றேன்.

இப்படியான அழைப்புகள் இப்போது கூடிவிட்டன. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், கேம்பிரிட்ஜ் எல்லாம் யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடுகின்றன என்பது வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் தெரிந்துவிட்டது. எங்கேயாவது இரண்டு இருக்கைக் கார் ஒன்று தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தால், அது உடனே பந்தயக் காராகிவிடுகிறது. மகாகஸ்தோட்டப் பந்தயம் 1934 முதல் நடப்பது உண்மை. அதில் ஓடிய கார்கள் இருந்ததும் உண்மை. ஆனால் பந்தயத்தில் ஓடாத ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை நான் இந்த ஊரில் இன்னும் சந்திக்கவில்லை.

போகும் முன் குடும்பத்தில் இருக்கும் படத்தை அனுப்பச் சொன்னேன். கறுப்பு வெள்ளைப் படம். கதவில் வெள்ளை வட்டம், அதற்குள் 7. முன் தகட்டில் ஈ.எல். என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் தெரிகின்றன; மிகுதியை யாரோ ஒருவருடைய முழங்கால் மறைக்கிறது. விற்பவர் அனுப்பிய படத்தில் இருந்ததோ ஸ்ரீ இலக்கம்.

வீட்டில் இருந்தபடியே பாதி வேலை இங்கே முடிந்துவிட்டது. இலங்கையில் வாகனத்துக்கு முதற்பதிவில் கிடைத்த இலக்கம், ஆள் மாறினாலும் மாறுவதில்லை. சீ.எல்., சீ.வை., ஈ.எல்., ஈ.என். என்று 'சிலோன்' என்பதன் ஆங்கில எழுத்துகளைச் சோடி சேர்த்த தகடுகள் பழையவை. தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து 1957 இல் வந்தது. அதற்கு எதிராக நம் பகுதியில் தார் பூசியதும், தமிழ் ஸ்ரீ எழுதி ஓட்டியதும் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். (பழைய படத்தில் அப்படி ஒரு தகடு தெரிந்தால், படம் எப்போது எடுத்தது என்று யாரையும் கேட்கத் தேவையில்லை.) ஆகவே ஈ.எல். கார் பிற்காலத்தில் ஸ்ரீ காராகியிருக்க வழியில்லை. அதற்கு மேல், விற்பவர் படத்தில் இருந்த எம்.ஜி. ரி.சி. என்ற மாதிரியின் தயாரிப்பு 1949 இல் நின்றுவிட்டது. அந்தக் காரில் ஸ்ரீ இலக்கம் இருந்தால், ஒன்றில் அது பல வருடம் கழித்து இங்கே முதற்பதிவானது, அல்லது இலக்கம் வேறொரு காருடையது.

இருந்தாலும் போனேன். மாமரத்துக்குக் கீழே தகரக் கொட்டில். நிறம் என்னவென்று சொல்ல முடியாத அளவுக்கு மங்கிய கார். இடப்பக்க இருக்கையில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. நான் பொனெற்றைத் திறந்தபோதும் அது அசையவில்லை. ரி.சி. என்பதில் சந்தேகமில்லை. மெலிந்த 19 அங்குலக் கம்பிச் சில்லுகள் மூன்று, நான்காவது இடத்தில் கல். முன்னுக்கு மடியும் கண்ணாடி. உடம்பைத் தாங்கும் மரச்சட்டத்தில் பாதியைக் கறையான் முடித்திருந்தது.

விற்பவர் முதலில் காட்டியது பளபளவென்று இருந்த செசி இலக்கத் தகட்டை (செசி என்பது காரின் அடிச்சட்டம்). கையோடு பதிவுப் புத்தகத்தையும் நீட்டினார். இரண்டிலும் செசி இலக்கம் ஒன்றே. பெரும்பாலோர் இந்த இடத்தில் காசை எண்ணத் தொடங்குவார்கள். இப்படியான தகடுகள் இணையத்தில் வெறுமையாகவே விற்பனைக்கு வருகின்றன. வாங்கி, விரும்பிய இலக்கத்தை அடித்துக்கொள்ளலாம். அதனால் தகட்டை நான் கடைசியில்தான் பார்ப்பேன்.

ரி.சி.யில் செசி இலக்கத்தை இரும்பிலேயே அடித்திருப்பார்கள். இடப்பக்கச் சட்டத்தின் முன்முனையில், ஸ்பிரிங்கைத் தாங்கும் கொம்பில் தேட வேண்டும். அங்கே கிரீசும் புழுதியும் பலகை போல இறுகியிருந்தன. மண்ணெண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றி ஊறவைத்து, துடைத்து, மறுபடி ஊறவைத்து அரை மணி நேரம் போயிற்று. கம்பித் தூரிகையோ கிரைண்டரோ அந்த இடத்தில் படவே கூடாது. மணலை வேகமாக வீசித் துருவை எடுத்துப் பெயின்ற் பூசிவிட்டு என்னைக் கூப்பிடுபவர்களை என்ன செய்வதென்றே தெரியவில்லை. பிறகு மெல்லிய தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தேன். ரி.சி. என்ற எழுத்துகள், ஒரு சாய்ந்த கோடு, அதன்பின் நான்கு இலக்கங்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன.

இங்கிலாந்தில் அபிங்டனில் இருந்த எம்.ஜி. தொழிற்சாலையின் தொலைபேசி இலக்கம் 251. அதனால் ரி.சி. வரிசையே 0251 இல் தொடங்கி, சுமார் 10,000 கார்கள் வரை போகிறது. 0251 க்குக் குறைந்த இலக்கம் ஒன்றை யாராவது காட்டினால், தேநீரைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிடலாம்.

என் தாளில் விழுந்த இலக்கம் சரியான வரிசைதான். ஆனால் புத்தகத்தில் இருந்தது அதுவல்ல. விற்பவர் பொய்யர் என்று சொல்லமாட்டேன். 1990 இல் போரால் பாதை மூடியபின் இங்கே எத்தனையோ கார்கள் கையெழுத்து மட்டும் வைத்த வெற்றுப் படிவங்களோடு கை மாறின. 1995 இடப்பெயர்வில் கார் ஒரு பக்கம், புத்தகம் ஒரு பக்கம். திரும்பி வந்தவர்கள் கிடைத்த புத்தகத்தைக் கிடைத்த காருக்குப் பொருத்தினார்கள். அந்தக் கதையைக் கேட்டு மனம் இளகலாம், காசு இளகக் கூடாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவேட்டில் அந்த இலக்கத்துக்கு எந்தக் கார், யார் பெயரில் இருக்கிறது என்று எழுத்தில் எடுக்காமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

இலக்கம் அடித்த இடத்தில் இரும்பு பள்ளமாகத் தெரிந்தாலோ, எழுத்துகள் வரிசை பிசகினாலோ, யாரோ தேய்த்து மறுபடி அடித்திருக்கலாம். அடித்த எழுத்துக்குக் கீழே இரும்பு நசுங்கியிருக்கும். மேலே தேய்த்தாலும் அமிலம் பூசிப் பழைய இலக்கத்தைச் சில வேளை மீட்கலாம். ஆனால் அது ஆய்வுகூட வேலை. வீட்டில் பற்றரி அமிலத்தால் முயன்ற ஒருவரைத் தெரியும். இலக்கமும் போயிற்று, காற்சட்டையும் போயிற்று.

எஞ்சின் ரி.சி.க்குரிய 1250 சி.சி. தான். போல்ட்டிலேயே தெரிந்துவிடும்: தலைக்கு ஆங்கிலேய அளவான விற்வேர்த் ஸ்பானர் பொருந்தும், புரி மட்டும் மெற்றிக். அந்த எஞ்சின் ஆலை முன்பு பிரெஞ்சு ஹொச்கிஸ் நிறுவனத்துடையது; அந்தக் காலத்து இயந்திரங்களின் மிச்சம் அது. ஆனால் நான் அதிக நேரம் நின்றது வேறொன்றின் முன்னால். பக்கவாட்டில் ஒரு சிறு தகரத் தாங்கி; அதிலிருந்து வந்த செம்புக் குழாய், புகைக் குழாயை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுக் காபரேற்றருக்குப் போனது. ஊரில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, தம்பிக்கு விளக்கினேன். போர்க்காலத்தில் பெற்றோல் வராதபோது போத்தலில் இருக்கும் கொஞ்சப் பெற்றோலில் எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின்கள் அதைத் தாங்கின. இன்னும் குறைக்க, எஞ்சின் தலைக்குக் கீழே வைக்கும் ஹெட் கஸ்கற் தகட்டை இரண்டாகப் போடுவார்கள். இதிலும் இரண்டு இருந்தன. எரியாத மண்ணெண்ணெய் எண்ணெயில் கலந்து சிலிண்டரைத் தின்னும் என்று தெரிந்தேதான் ஓட்டினோம்.

விற்பவர் அதையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு 'ஒறிஜினல்' ஆக்கித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். பந்தயக் கதைக்கு அந்தக் காரில் ஒரு சான்றும் இல்லை. அது எந்தக் காலத்தில் எங்கே ஓடியது என்று மறுக்க முடியாமல் சொன்னது அந்தச் செம்புக் குழாய் ஒன்றுதான்.

எல்லாப் பாகமும் மாறிய காருக்குச் சரித்திரம் இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. 1929, 1930 ஆகிய இரண்டு வருடமும் லு மான் 24 மணிப் பந்தயத்தை வென்ற பென்ட்லி ஒன்று உண்டு; 'பழைய நம்பர் வன்' என்பது அதன் பெயர். 1932 இல் இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தளத்தில் விபத்துக்குள்ளாகி, பின்னர் வேறு உடம்போடு திரும்பி வந்தது. 1990 இல் அது ஒரு கோடி பவுணுக்கு விலைப்பட்டபோது, உண்மையான கார்தானா என்று வழக்கு லண்டன் உயர் நீதிமன்றம் வரை போனது. லு மானில் ஓடிய இரும்பு அதில் மிகக் கொஞ்சமே மிஞ்சியிருந்தும், வரலாறு அறுபடாமல் தொடர்ந்ததால் அதே கார்தான் என்று தீர்ப்பாயிற்று. அறுபடாத தொடர்ச்சி அதைக் காப்பாற்றியது. நம் கார்களில் பெரும்பாலும் அறுந்திருப்பதும் அதுதான்.

தொடர்ச்சியைத் தேட இங்கிலாந்தில் கேடனில் உள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகம் ஒரு வழி. பல பழைய பிரித்தானியக் கார்களுக்குத் தொழிற்சாலைப் பேரேட்டிலிருந்து சான்றிதழ் கொடுக்கிறார்கள். பந்தயச் செய்திக்குக் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் அன்றைய ஆங்கிலப் பத்திரிகைகளைப் புரட்ட வேண்டும். எனக்குக் கைகொடுத்தவை பெரும்பாலும் காப்புறுதிப் பத்திரங்கள்தான். வாகனம் விற்றாலும் பத்திரத்தை எறியாத குடும்பங்கள் நம்மிடம் நிறைய.

தம்பியின் மாமியிடமும் ஒரு ரங்குப் பெட்டி இருந்தது. அப்பப்பாவின் 1952 காப்புறுதிப் பத்திரத்தை அதிலிருந்து எடுத்துப் படம் பிடித்து அனுப்பினார். அதில் இருந்த செசி இலக்கம் புத்தகத்தில் உள்ளதும் அல்ல, என் பென்சில் தாளில் உள்ளதும் அல்ல. மூன்றாவது ஒன்று. தம்பி வாங்கவில்லை.

போன மாதம் லண்டனிலிருந்து ஒரு தங்கை அழைத்தார். இணுவிலில் ஒரு சிவப்பு எம்.ஜி. நிற்கிறதாம், கட்டுக்குருந்த விமான ஓடுபாதைப் பந்தயத்தில் அவருடைய பெரியப்பா ஓட்டியதாம். படம் அனுப்பச் சொன்னேன். நான்கு சில்லும் இருந்தன. செம்புக் குழாய் இல்லை. கோழி அதே இருக்கையில்தான் இருந்தது.