சிறு கல்லூரியிலிருந்தும் சென்சார் ஆராய்ச்சி: ஐ.என்.யு.பி. திட்டம் யாருக்கு, எப்படி?

பாலத்தின் அதிர்வையும் அணைச் சுவரின் விரிசலையும் தானே உணர்ந்து தெரிவிக்கும் கட்டமைப்புகளை ஆராய விரும்பும் கல்லூரி ஆசிரியர் ஒருவருக்கு, சென்சாரைத் தயாரிக்க வேண்டிய கட்டம் வந்ததும் பெரும்பாலும் வேலை நின்றுவிடுகிறது. சிலிக்கான் வில்லையில் சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனே உள்ள ஒரு நுண்தகட்டைச் செதுக்கும்போது, அதன்மேல் ஒரு தூசி விழுந்தாலும் அது பாழாகிவிடும். ஆகவே காற்றை இடைவிடாமல் வடிகட்டும் தூய அறை வேண்டும். ஒளி பட்டால் மாறிவிடும் வேதிப்பூச்சைக் கையாளும் பகுதியில் மஞ்சள் விளக்கு மட்டுமே எரிய வேண்டும். உள்ளே செல்பவர் தலை முதல் கால்வரை மூடும் உடை அணிய வேண்டும். இத்தகைய அறையைக் கட்டிப் பராமரிப்பது சாதாரணக் கல்லூரிக்கு இயலாத காரியம்.

இந்தக் குறையைப் போக்கவே, மத்திய அரசின் தகவல் தொழில்நுட்பத் துறையின் (இப்போது மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம்) நிதியில், இந்திய நானோமின்னணுவியல் பயனர் திட்டம் (ஐ.என்.யு.பி.) 2008இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் மும்பை ஐ.ஐ.டி.யிலும் தொடங்கப்பட்டது. 2021 முதல் அது விரிவாக்கப்பட்டு, சென்னை, டெல்லி, கரக்பூர், குவாஹாட்டி ஐ.ஐ.டி.க்களும் சேர்ந்து இப்போது ஆறு மையங்களில் நடக்கிறது.

பிற கல்வி நிறுவனங்களின் ஆசிரியர்களும் ஆராய்ச்சி மாணவர்களும் இதில் சேரலாம். முதலில் அறிமுகப் பயிலரங்கு, அடுத்து கருவிகளில் நேரடிப் பயிற்சி, அதன்பின் தமது ஆய்வு முன்மொழிவு ஏற்கப்பட்டால் மையத்தின் கருவிகளிலேயே சென்சாரை உருவாக்கிப் பார்க்கும் வாய்ப்பு என்று இது படிப்படியாகச் செல்கிறது. ஒவ்வொரு மையமும் தனித்தனியே அறிவிப்பு வெளியிடுவதால், தகுதி, கடைசி நாள், தங்குமிடம் ஆகியவற்றை அந்தந்த அறிவிப்பிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

விண்ணப்பிப்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, மின்னணுவியல் துறை மட்டும் தனியே விண்ணப்பிக்காமல், அதே கல்லூரியின் கட்டுமானப் பொறியியல் துறையையும் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே. நீண்ட பாலம் ஒன்றின் இயல்பான அதிர்வு வினாடிக்குச் சில முறை, சில பாலங்களில் ஒரு முறைக்கும் குறைவு. அதை அறியாமல் வினாடிக்கு ஆயிரக்கணக்கான அதிர்வுகளுக்கு ஏற்ப வடிவமைத்த சென்சார், எவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்டிருந்தாலும், அந்தப் பாலத்துக்கு உதவாது. புதுக் கான்கிரீட்டின் காரத்தன்மை 12 பி.எச். அளவைத் தாண்டும் என்பதால், உள்ளே புதைக்கப்படும் சென்சாருக்கு எந்த உறை தாங்கும் என்பதையும் கட்டுமானத் துறையினரோடு பேசித்தான் முடிவு செய்ய முடியும்.

பயிற்சிக்குச் செல்லும் முன்பே வடிவமைப்பைக் கணினியில் சோதித்துப் பார்ப்பது நல்லது. 2020 ஜனவரியில் தொடங்கப்பட்ட ஐ-ஸ்டெம் இணையவாசல், நாடெங்கும் அரசு நிதியில் வாங்கப்பட்ட ஆய்வுக் கருவிகளின் பட்டியலைத் தருவதோடு, காம்சால் போன்ற உருவகப்படுத்தல் மென்பொருளையும் கல்வி நிறுவனப் பயனர்களுக்குக் கட்டணமின்றி வழங்கிவருகிறது. சென்சார் கைக்கு வந்தபின் அதை எந்தக் கட்டமைப்பின் மாதிரியில், எங்கே பொருத்திச் சோதிக்கப்போகிறோம் என்பதையும் முன்மொழிவிலேயே எழுத வேண்டும். 1965இல் தொடங்கப்பட்டு, இப்போது சென்னைத் தரமணியில் இயங்கும் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் போன்ற நிறுவனத்தை அணுக விரும்புவோர், சென்சார் தயாராகும்வரை காத்திராமல், முன்மொழிவு எழுதும்போதே அங்குள்ள ஆய்வாளர்களோடு பேசத் தொடங்கிவிடலாம்.