மண்ணெண்ணெய்க் கணக்கு: வாங்கியது எவ்வளவு, எரிந்தது எவ்வளவு?

சிறு தொழிற்கூடங்களுக்கு எரிசக்தித் தணிக்கை செய்யப் போனால் டீசல், கேஸ், கரண்ட் மூன்றுக்கும் பில் உடனே வந்துவிடும். மண்ணெண்ணெய் என்று கேட்டால் மட்டும், "அது கொஞ்சம்தான் சார், விடுங்க" என்பார்கள். கொஞ்சம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கொஞ்சத்துக்குத்தான் பெரும்பாலான இடங்களில் கணக்கே இருப்பதில்லை.

2000-01இல் இந்தியா ஆண்டுக்கு 1 கோடி டன்னுக்கு மேல் மண்ணெண்ணெய் பயன்படுத்தியது. 2022-23இல் அது ஏறத்தாழ 5 லட்சம் டன். வீடுகளுக்கு கேஸும் கரண்டும் வந்தன, ரேஷன் ஒதுக்கீடும் சுருங்கியது. இதனால் மண்ணெண்ணெய் என்றாலே பழைய கதை என்ற எண்ணம் பரவிவிட்டது. வெளிச்சந்தையில் விற்கும் வெள்ளை மண்ணெண்ணெயோ அச்சகம், பட்டறை, சாலையோரக் கடை என்று இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

தணிக்கையில் உமிழ்வுக் கணக்கும் போட வேண்டும். சரி, ஒரு லிட்டர் எரிந்தால் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வரும்? சுமார் இரண்டரைக் கிலோ. "லிட்டரே 800 கிராம்தானே, எப்படி இரண்டரைக் கிலோ ஆகும்?" என்று கேட்காதவர்கள் குறைவு. நியாயமான கேள்வி. அந்த 800 கிராமில் சுமார் 86 சதவீதம் கார்பன். எரியும்போது ஒவ்வொரு 12 கிராம் கார்பனும் காற்றிலிருந்து 32 கிராம் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்கிறது. கூடும் எடை அதுதான். 200 லிட்டர் பேரல் ஒன்று முழுக்க எரிந்தால் அரை டன்.

ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் வழிகாட்டியின்படி, மண்ணெண்ணெயில் ஒரு டெராஜூல் (லட்சம் கோடி ஜூல்) வெப்பத்துக்கு 71.9 டன் கார்பன் டை ஆக்சைடு. இது நிகர வெப்ப மதிப்புக்கான எண், அதாவது எரியும்போது உண்டாகும் நீராவியோடு போகும் வெப்பத்தைக் கழித்த மதிப்பு. மொத்த வெப்ப மதிப்போடு இதைப் பெருக்கினால் விடை 5 சதவீதம் போல ஏறிவிடும். நான் பார்க்கும் எக்செல் தாள்களில் அடிக்கடி வரும் பிழை இது.

இதைவிடப் பெரிய பிழை, வாங்கியதெல்லாம் எரிந்துவிட்டதாக எழுதுவது. ஆஃப்செட் அச்சகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நிறம் மாற்றும்போதெல்லாம் ரோலரில் மண்ணெண்ணெய் ஊற்றி பனியன் வேஸ்ட்டால் துடைக்கிறார்கள். அங்கே எதுவும் எரிவதில்லை, எண்ணெய் ஆவியாகிறது. அந்த ஆவியும் காற்றை மாசுபடுத்துவதுதான், ஆனால் அது கரைப்பான் பயன்பாட்டுக் கணக்கில் தனியாக வர வேண்டியது. அப்புறம் கொல்லைப்பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். எண்ணெய் ஊறிய துணியைக் குவித்துக் கொளுத்துகிறார்கள் என்றால், துணியில் தங்கிய எண்ணெய் அங்கே எரிந்துபோகிறது. பில்லை மட்டும் பார்த்தால் இது எதுவும் தெரியாது.

அதனால் பேரல் பக்கத்தில் ஒரு நோட்டைத் தொங்கவிடச் சொல்கிறேன். தேதி, எடுத்த லிட்டர், எதற்கு. மூன்றே கட்டம். ஆண்டுத் தொடக்க இருப்போடு வாங்கியதைக் கூட்டி, கடைசி இருப்பைக் கழித்தால் வருவது இந்த நோட்டோடு ஒத்துப்போக வேண்டும். போகவில்லை என்றால் எங்கோ சிந்துகிறது, அல்லது யாரோ வெளியே கொண்டுபோகிறார்கள். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி, 2022-23 தொடங்கி, சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்கள் பிஆர்எஸ்ஆர் என்ற சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பு அறிக்கையைத் தர வேண்டும். அவற்றில் பல, தங்களுக்குச் சரக்கு தரும் சிறிய கூடங்களிடமும் எரிபொருள் விவரம் கேட்கின்றன. அப்போது மார்ச் மாதத்தில் உட்கார்ந்து குத்துமதிப்பாக எழுதுவதைவிட இந்த நோட்டு எவ்வளவோ மேல்.

தள்ளுவண்டியில் எரியும் காடா விளக்கையும் சொல்லியாக வேண்டும். சாதாரணத் திரி விளக்கில், எரியும் எண்ணெயின் எடையில் 7 முதல் 9 சதவீதம் வரை கரும்புகையாக, அதாவது கருங்கார்பனாகப் போகிறது என்று 2012இல் வெளியான அளவீடுகள் காட்டின. கார்பன் டை ஆக்சைடை மட்டும் எண்ணினால் இது கண்ணில் படாது. விளக்கடியில் இரவெல்லாம் நிற்பவரின் நுரையீரலுக்குள் போவதும் இதுதான். எல்இடி விளக்குக்கு மாற, முதலில் இந்த வண்டிகளுக்குத்தான் உதவ வேண்டும் என்பது என் கருத்து.

கேன்டீன்களில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வை கேஸுக்கு மாற்றிவிட்டு, "மண்ணெண்ணெய் உமிழ்வு பூஜ்ஜியம்" என்று பெருமையாகக் காட்டுகிறார்கள். மாற்றம் நல்லதுதான். அதே வெப்பத்துக்கு கேஸில் உமிழ்வு 12 சதவீதம் போலக் குறைவு, புகையும் இல்லை. ஆனாலும் 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்று தீரும்போது சுமார் 57 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியே போயிருக்கும். பூஜ்ஜியம் போட்ட வரிக்குக் கீழேயே மாதம் எத்தனை சிலிண்டர் என்பதையும் எழுதி வாங்கிக்கொண்டுதான் கையெழுத்துப் போடுகிறேன்.