பேட்டரி டிரில் வாங்கும் முன்: ஸ்டிக்கரை நம்பாதீர்கள், எடை போட்டுப் பாருங்கள்

ஆன்லைனில் பேட்டரி டிரில் தேடினால் 48 வோல்ட், 88 வோல்ட், 128 வோல்ட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய மிஷின்கள் வரிசை கட்டி நிற்கின்றன. பேட்டரியைப் பிரித்தால் உள்ளே பெரும்பாலும் ஐந்து லித்தியம் செல் தொடராக இணைத்திருக்கும், அவ்வளவுதான். ஒரு செல்லின் சராசரி வோல்டேஜ் 3.6, முழு சார்ஜில் 4.2. ஐந்து செல்லுக்கு 18 வோல்ட், முழு சார்ஜில் 21. ஆக 18, ‘20 மேக்ஸ்’, 21 எல்லாம் ஒரே வகைதான். டிவால்ட் அமெரிக்காவில் 20 வோல்ட் மேக்ஸ் என்றும் ஐரோப்பாவில் 18 வோல்ட் எக்ஸ்ஆர் என்றும் விற்பது இந்தக் கணக்கில்தான். 12 வோல்ட் என்பது மூன்று செல், அதாவது 10.8. அந்த 128 வோல்ட் பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள், 21-ஐத் தாண்டாது.

ஏ.எச். (ஆம்பியர் ஹவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு) எண்ணிலும் இதே விளையாட்டு நடக்கிறது. அதைப் பிடிக்கச் சமையலறைத் தராசு போதும். இந்த பேட்டரிகளில் வழக்கமாக இருக்கும் 18650 அளவு செல் ஒன்று 45 முதல் 50 கிராம் இருக்கும். அந்த அளவு செல்லில் கிடைக்கும் அதிகபட்சக் கொள்ளளவு சுமார் 3.5 ஏ.எச். எனவே 6 ஏ.எச். என்று போட்டிருந்தால் ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை, பத்து செல் இருந்தாக வேண்டும். செல் மட்டுமே அரைக் கிலோவை நெருங்கும். பிளாஸ்டிக் கூடும் சர்க்யூட் போர்டும் சேர்ந்தால் 600 கிராம் அளவில் நிற்கும். 400 கிராம்கூட இல்லாத பேட்டரி 6 ஏ.எச். என்று சொன்னால் அது பொய். பெரிய கூட்டுக்குள் ஐந்து செல்லை வைத்துவிட்டு மீதி இடத்தைக் காலியாக விட்டிருப்பார்கள். சற்றுப் பெரிய 21700 செல் வைத்த நல்ல பேட்டரிகளும் உண்டு. அது ஒன்று 70 கிராம், ஐந்து போட்டாலே 350 கிராம் ஆகிவிடும். எடை பொய் சொல்வதில்லை.

இனி வேலைக்கு வருவோம். கட்டில் பூட்டுவது, கதவுக் கீல் மாற்றுவது, அலமாரி ஸ்க்ரூ, செங்கல் சுவரில் 6 மி.மீ. பிளக் போட்டுப் படம் மாட்டுவது, இவைதான் வீட்டில் முக்கால்வாசி வேலை. இதற்கு 12 வோல்ட் மிஷினும் 2 ஏ.எச். பேட்டரி இரண்டும் தாராளம். மாடலை மட்டும் பார்த்து எடுங்கள். போஷில் ஜிஎஸ்ஆர் என்றால் மரமும் இரும்பும் ஸ்க்ரூவும் மட்டுமே. சுவருக்கான ஹேமர், அதாவது தட்டித் துளைக்கும் வசதி, இருப்பது ஜிஎஸ்பி-யில் (GSB). இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும்.

வாங்கிய பிறகு வரும் புகார் பெரும்பாலும் ஒன்றே: “கர்ட்டன் ராடுக்கு ஓட்டை விழவே இல்லை.” ஜன்னலுக்கு மேலே இருப்பது செங்கல் அல்ல, லிண்டல் கான்கிரீட். மேலே 12 அல்லது 15 மி.மீ. பூச்சு இருக்கும், அதுவரை பிட் சுகமாக இறங்கும், அப்புறம் நின்ற இடத்திலேயே சுற்றிச் சூடாகி முனை மழுங்கும். சாதாரண இம்பாக்ட் டிரில்லில் இரண்டு பல்சக்கரங்கள் உரசித்தான் தட்டு உண்டாகிறது. எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுதான் அடி. எஸ்டிஎஸ் பிட் (அடிப்பகுதியில் பள்ளம் வெட்டிய பிட்) போடும் ரோட்டரி ஹேமரில் காற்றழுத்தத்தில் ஓடும் பிஸ்டன் அடிக்கிறது. நாம் மிஷினைத் தாங்கிப் பிடித்தாலே போதும். இதற்காக 18 வோல்ட் பேட்டரி ஹேமர் வாங்குவதைவிட வயர் உள்ள சிறிய ரோட்டரி ஹேமர் மலிவு. வருஷத்துக்கு நாலு ஓட்டை என்றால் வாடகைக்கு எடுங்கள்.

கட்டிங் மிஷினும் அப்படித்தான். 18 வோல்ட்டை 2 ஏ.எச். உடன் பெருக்கினால் 36 வாட் ஹவர். டைல்ஸ் அறுக்கும்போது நாலு இஞ்ச் கிரைண்டர் 500 வாட் இழுத்தால், முழு சார்ஜும் நாலு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். அந்த நாலு நிமிஷமும் ஒவ்வொரு செல்லிலும் 28 ஆம்பியர் ஓடுகிறது. பல செல்களின் வரம்பே 20 ஆம்பியர்தான். பேட்டரி கொதித்து, இடையிலேயே கட் ஆகி நிற்பதற்குக் காரணம் இது. பேட்டரி கிரைண்டர் அவசியம் வேண்டும் என்றால் பத்து செல் உள்ள 4 அல்லது 5 ஏ.எச். பேட்டரிக்குக் கீழே இறங்காதீர்கள், இரண்டு வரிசையில் அந்த ஆம்பியர் பாதி பாதியாகப் பிரிந்துவிடும்.

முதல் மிஷினோடு எந்த பேட்டரி வருகிறதோ, அடுத்த மிஷின்களும் அதில்தான் ஓடியாக வேண்டும். ஒரே கம்பெனி என்பது இதற்கு உத்தரவாதம் இல்லை. போஷின் நீல நிற 18 வோல்ட் பேட்டரி பச்சை நிற மிஷினில் ஏறாது. மகிட்டாவின் 18 வோல்ட் எல்எக்ஸ்டி பேட்டரி அதன் 40 வோல்ட் எக்ஸ்ஜிடி மிஷினில் ஏறாது. டிவால்ட்டும் ஸ்டான்லியும் ஒரே நிறுவனத்தின் பிராண்டுகள், பேட்டரி வேறு வேறு. கடையில் அடுத்து வாங்க நினைக்கும் மிஷினையும் எடுத்துத் தரச்சொல்லி மாட்டிப் பார்த்துவிடுங்கள். முதலில் இரண்டு பேட்டரி, சார்ஜரோடு வரும் செட். அதன்பின் ‘சோலோ’ என்று போட்ட வெறும் மிஷின். செலவு கட்டுப்படும் வழி இதுதான். பேட்டரியின் வாரண்டி மிஷினின் வாரண்டியைவிடக் குறைவாக இருக்கலாம், தனியாகக் கேளுங்கள்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வந்தால் சார்ஜரின் அடியில் இன்புட் என்ன என்று படியுங்கள். 120 வோல்ட் மட்டும் போட்டிருந்தால் நம் 230 வோல்ட் பிளக்கில் செருகிய நொடியே புகைந்துவிடும். விமானத்தில் உதிரி பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும். 18 வோல்ட் 5 ஏ.எச். என்பது 90 வாட் ஹவர், பிரச்சினை இல்லை. 6 ஏ.எச். என்றால் 108, 100-ஐத் தாண்டுவதால் விமான நிறுவனத்தின் அனுமதி தேவை.

வீட்டில் பேட்டரி சாவது வேலை செய்து அல்ல, சும்மா கிடந்துதான். மிஷின் நின்றபிறகும் டிரிகரை அமுக்கி அமுக்கிக் கடைசிச் சொட்டையும் எடுத்துவிட்டு, அப்படியே பரணில் போட்டுவிடுவார்கள். உள்ளே இருக்கும் போர்டு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். செல் 2 வோல்ட்டுக்குக் கீழே போனால் உள்ளிருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். பிறகு சார்ஜ் ஏற்றினால் அந்தச் செம்பு தாறுமாறாகப் படிந்து ஷார்ட் ஆகலாம். சார்ஜர் சிவப்பு விளக்கைச் சிமிட்டி மறுப்பது அதனால்தான். இன்னொரு பேட்டரியிலிருந்து வயர் கொடுத்து எழுப்பும் யூடியூப் வித்தையைச் செய்யாதீர்கள். பாதி சார்ஜில், மிஷினிலிருந்து கழற்றி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். மொட்டை மாடித் தகரக் கொட்டகை வேண்டாம். வேலை முடிந்ததும் ஆறவிட்டுச் சார்ஜ் போடுங்கள்.

செல் மாற்றித் தருகிறவர்கள் சென்னை ரிச்சி தெருவில் மட்டுமல்ல, பல ஊர்களிலும் இருக்கிறார்கள். கொடுக்கும் முன், போடப்போகும் செல் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று கேளுங்கள். லேப்டாப்பிலிருந்து கழற்றிய செல்லுக்கு இந்த இழுவை தாங்காது. ஒன்றிரண்டை மட்டும் மாற்றினால் பழையது புதியதைச் சீக்கிரம் கெடுக்கும், எல்லாம் ஒரே மாதிரி புதுசாக இருக்க வேண்டும். நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங்கில் ஒட்டுகிறார்களா என்றும் பாருங்கள். செல்லின் தலையில் சால்டரிங் அயர்னை வைக்கிறவரிடம் கொடுக்காதீர்கள்.