நிலத்தில் முடிந்த போரும் கடலில் விழுந்த முடிவும்: செசபீக் விரிகுடா, 1781

1781 அக்டோபர் 19 அன்று விர்ஜினியாவின் யார்க்டவுன் என்ற சிறு துறைமுக ஊரில், ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களைக் கொண்ட பிரிட்டிஷ் படை சரணடைந்தது. அதன் தளபதி கார்ன்வாலிஸ். பிற்காலத்தில் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்து திப்பு சுல்தானோடு போரிட்டவரும் இவரே. அமெரிக்க விடுதலைப் போரின் வெற்றியைப் பொதுவாக வாஷிங்டனின் முற்றுகையோடு சேர்த்தே சொல்வார்கள். ஆனால் அந்த முற்றுகை வெல்லக்கூடியதாக மாறியது ஆறு வாரங்களுக்கு முன்பு, செப்டம்பர் 5 அன்று, யார்க்டவுனைக் கடலோடு இணைக்கும் செசபீக் விரிகுடாவின் வாயில் இரண்டரை மணி நேரம் நடந்த ஒரு கடற்சண்டையில். அச்சண்டையில் ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை, ஒன்றுகூடப் பிடிபடவில்லை. அப்படியிருந்தும் அது ஒரு போரின் போக்கை எப்படித் தீர்மானித்தது என்பதைப் புரிந்துகொள்ள, காற்றையும், கடல்நீர் ஏறி இறங்கும் ஓதத்தையும், கப்பலின் அடிப்பாகத்தையும் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் போரிட்ட பிரிட்டிஷ் படை, தன் மாவையும் உப்பிட்ட இறைச்சியையும் பெருமளவுக்கு அயர்லாந்தின் கார்க் துறைமுகத்திலிருந்து எதிர்பார்த்திருந்தது. வட அட்லாண்டிக்கில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுவதால், அமெரிக்கா நோக்கிய பயணம் இரண்டு மூன்று மாதங்கள் பிடிக்கும். எனவே அந்தப் படையால் கடற்கரையை விட்டு நெடுந்தொலைவு விலகி நீண்டகாலம் நிற்க முடியவில்லை. அதே சமயம், மோசமான சாலைகளில் வாஷிங்டனின் வீரர்கள் நடந்து கடக்க வேண்டிய தொலைவைப் பிரிட்டிஷார் கப்பலேறிக் கடந்தார்கள். 1776இல் பாஸ்டனைக் கைவிட்டு ஹாலிஃபாக்ஸுக்குப் போன படை, அதே ஆண்டுக் கோடையில் பெரும் துணைப்படையோடு நியூயார்க்கின் எதிரே இறங்கியது. கடல் அவர்களுக்குச் சாலையாகவும் களஞ்சியமாகவும் தப்பிக்கும் வழியாகவும் இருந்தது. கார்ன்வாலிஸ் யார்க்டவுனைத் தேர்ந்ததும் இந்த நம்பிக்கையில்தான்: ஆழமான ஆறு, பெரிய கப்பல்கள் நிற்க வசதி, ஆபத்து வந்தால் கப்பற்படை வந்து மீட்கும். ஆனால் கடலில் தமக்கு ஈடான எதிரி எவரும் இல்லை என்பது இந்தக் கணக்கு முழுவதற்கும் அடியில் கிடந்த நிபந்தனை.

1778இல் பிரான்சும், 1779இல் ஸ்பெயினும் பிரிட்டனுக்கு எதிராகப் போரில் இறங்கியதும் அந்த நிபந்தனை உடைந்தது. ஆங்கிலக் கால்வாய், ஜிப்ரால்டர், மேற்கிந்தியச் சர்க்கரைத் தீவுகள், வங்காள விரிகுடா என எல்லா இடங்களிலும் பிரிட்டன் கப்பல்களைப் பிரித்து நிறுத்த வேண்டியதாயிற்று. இருந்தும் முதல் மூன்று ஆண்டுகளில் அமெரிக்கக் கரையில் பிரெஞ்சுக்காரர்களால் பெரிதாக எதையும் சாதிக்க முடியவில்லை. 1778இல் நியூயார்க்குக்கு வந்த அவர்களின் பெருங்கப்பல்கள், துறைமுக வாயிலின் மணல்திட்டைத் தாண்ட ஆழம் போதாமல் திரும்பிப் போயின. மொத்த எண்ணிக்கை எவ்வளவு என்பதைவிட, குறிப்பிட்ட ஒரு நீர்ப்பரப்பில் குறிப்பிட்ட சில வாரங்களுக்கு யார் அதிகம் என்பதே கடற்படை வலிமையின் உண்மையான அளவுகோல் என்று நான் கருதுகிறேன்.

அந்தச் சில வாரங்களைப் பருவகாலம் தந்தது. ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை கரீபியக் கடலில் சூறாவளிகள் வீசும். பெரிய கப்பற்படைகள் அப்போது அங்கிருந்து விலகி நிற்பதே நல்லது. பிரெஞ்சுத் தளபதி தெ கிராஸ் இந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டார். வணிகக் கப்பல்களின் காவலுக்கு ஒரு பகுதியை ஒதுக்குவார் என்று பிரிட்டிஷார் எதிர்பார்த்திருக்க, அவர் 28 பெரும் போர்க்கப்பல்களையும் மொத்தமாக வடக்கே கொண்டுவந்தார். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களும் ஹவானாவில் திரட்டிய பணமும் உடன் வந்தன. ஆனால் அக்டோபர் நடுப்பகுதிக்குள் திரும்பிவிட வேண்டும் என்ற கெடுவும் அவருக்கு இருந்தது.

இவரைத் தேடிப் புறப்பட்ட பிரிட்டிஷ் தளபதி ஹூடிடம் 14 கப்பல்களே இருந்தன. ஆனால் அவை வேகமானவை. வெப்பக் கடல்களில் மரக்கப்பலின் அடியைக் கப்பற்புழுக்கள் துளைத்துவிடும். பாசியும் சிப்பிகளும் அதில் ஒட்டிக்கொண்டு நீரின் உராய்வைக் கூட்டி வேகத்தைக் குறைக்கும். அடிப்பாகம் முழுவதையும் மெல்லிய செப்புத் தகடுகளால் போர்த்தினால், செம்பிலிருந்து மெல்லக் கரையும் உப்புகள் இந்த உயிரினங்களை அண்டவிடாது. 1779 முதல் பிரிட்டன் தன் கப்பற்படைக்கு அவசர அவசரமாகச் செப்பு பூட்டியது. அந்த அவசரத்துக்கு விலையும் இருந்தது: கடல்நீரில் செம்பும் இரும்பும் தொட்டுக்கொண்டால் மின்கலம் போலாகி இரும்பு அரிக்கப்படும் என்பதால், பலகைகளைப் பிணைத்திருந்த இரும்பாணிகள் உள்ளுக்குள்ளேயே பலமிழந்தன. செசபீக் விஷயத்தில் வேகமே ஹூடுக்குப் பாதகமாயிற்று. ஆகஸ்டு 25 அன்று விரிகுடாவை அடைந்தவர், அங்கே எதிரி இல்லாததைக் கண்டு நியூயார்க்குக்குப் போய்விட்டார். சுற்றுவழியில் வந்த தெ கிராஸ் சில நாள்கள் கழித்து அதே வாயிலுக்குள் நுழைந்து நங்கூரமிட்டார்.

செப்டம்பர் 5 காலை, ஹூடையும் சேர்த்துக்கொண்டு நியூயார்க்கிலிருந்து பிரிட்டிஷ் அட்மிரல் கிரேவ்ஸ் 19 கப்பல்களோடு வந்தபோது காற்று வடகிழக்கிலிருந்து அவருக்குச் சாதகமாக வீசியது. பிரெஞ்சுக் கப்பல்களோ விரிகுடா வாயிலின் முனைக்கு உள்ளே நின்றன. நூற்றுக்கணக்கான மாலுமிகள் படகுகளில் கரைக்குப் போயிருந்தார்கள். சதுரப் பாய்க் கப்பலால், காற்று வரும் திசைக்கு ஏறத்தாழ 67 பாகையைவிட நெருக்கமாகச் செல்ல முடியாது. எனவே நண்பகலில் ஓதம் இறங்கத் தொடங்கும்வரை காத்திருந்து, நங்கூரக் கயிறுகளை வெட்டிவிட்டு, 28இல் 24 கப்பல்கள் ஒழுங்கின்றி ஒவ்வொன்றாக வெளியேறின. முன்னணிக்கும் மற்றவற்றுக்கும் இடையே பெரிய இடைவெளி விழுந்தது.

கிரேவ்ஸ் அந்த இடைவெளியில் பாயவில்லை. பீரங்கிகள் கப்பலின் பக்கவாட்டில் இருப்பதால், கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்று சுடுவதே அக்காலப் போர்முறை. வரிசை கலைந்தால் தனித்த கப்பல் எதிரியின் பல கப்பல்களுக்கு இரையாகும். எதிரிக்கு இணையான திசையில் செல்ல அவர் கப்பல்களைத் திருப்பியபோது வரிசை தலைகீழாகி, ஹூடின் பிரிவு கடைசிக்குப் போயிற்று. பின்னர் நெருங்கித் தாக்குக என்ற சைகையும் வரிசையைக் காத்திடுக என்ற கொடியும் ஒரே நேரத்தில் பறந்தன. ஹூட் இரண்டாவதற்குக் கட்டுப்பட்டார். அவருடைய பிரிவு கிட்டத்தட்ட சண்டையிடவே இல்லை. பாய்மரங்களையும் கயிறுகளையும் குறிவைத்துச் சுடும் பிரெஞ்சு வழக்கத்தால், பிரிட்டிஷ் முன்னணிக் கப்பல்கள் மிதந்தாலும் நினைத்தபடி திரும்ப முடியாதவையாயின.

தொடர்ந்த நாள்களில் இரு படைகளும் ஒன்றையொன்று நோட்டமிட்டபடி தெற்கே நகர்ந்தன. அதற்குள் நியூபோர்ட் துறைமுகத்திலிருந்து 8 கப்பல்களோடு வந்த பாரா என்ற பிரெஞ்சுத் தளபதி, முற்றுகைக்கான கனரகப் பீரங்கிகளை விரிகுடாவுக்குள் கொண்டு சேர்த்துவிட்டார். தெ கிராஸும் திரும்பி வந்துவிட, 36 கப்பல்களை எதிர்கொள்ள வழியின்றிக் கிரேவ்ஸ் பழுதுபார்க்க நியூயார்க் போனார். வாஷிங்டனின் வீரர்களில் பலர் விரிகுடாவின் வடமுனையிலிருந்து இந்தக் கடற்படையின் காவலில்தான் கப்பலில் வந்தார்கள். அக்டோபர் 9 அன்று பீரங்கிகள் முழங்கத் தொடங்கின. பழுது தீர்ந்து பிரிட்டிஷ் மீட்புப் படை நியூயார்க்கிலிருந்து கிளம்பியது அக்டோபர் 19, அதாவது கார்ன்வாலிஸ் சரணடைந்த அதே நாள்.

இதே போரின் கடைசிப் பெரும் கடற்சண்டை நம் கடலூருக்கு எதிரே நடந்தது என்பது இங்கே பலருக்குத் தெரியாது. 1783இல் பிரெஞ்சுப் படை கடலூருக்குள் முற்றுகையிடப்பட்டிருக்க, கடல்வழியாக அந்த முற்றுகைக்குத் துணை நின்றவர் பிரிட்டிஷ் அட்மிரல் ஹியூஸ். அவரிடம் 18 கப்பல்கள். பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனிடம் 15. மாலுமிகள் போதாத சுஃப்ரன், கோட்டைக் காவலிலிருந்த 1,200 பேரைக் கப்பலேற்றிக்கொண்டு ஜூன் 20 அன்று போரிட்டார். இங்கும் கப்பல் எதுவும் மூழ்கவில்லை. ஆனால் தண்ணீர்த் தட்டுப்பாட்டாலும் நோயாலும் வாடிய ஹியூஸ் சென்னைக்குப் பின்வாங்கினார். முற்றுகையிட்டவர்களே இப்போது கடற்பக்கம் துணையின்றி நின்றார்கள். அடுத்து என்ன நடந்திருக்கும் என்பதற்கு விடை கிடைக்கவில்லை. பிரிட்டனும் பிரான்சும் பூர்வாங்க உடன்படிக்கையில் ஜனவரி 20 அன்றே கையெழுத்திட்டிருந்தன. அந்தச் செய்தியைச் சுமந்த கப்பல் ஜூன் மாத இறுதியில் கடலூரை அடைந்ததும் முற்றுகை கைவிடப்பட்டது.