ஏசில கேஸ் தீராது, கசிஞ்சாத்தான் கொறையும்

சித்திரை பொறந்தா போதும், போன எடுத்தா ஒரே பேச்சுதான். "அண்ணாச்சி, ஏசில கேஸ் தீந்துட்டு, ஒருக்கா வந்து போட்டுட்டுப் போங்க." நான் இன்னும் அந்த ஏசிய கண்ணால பாக்கல, அதுக்குள்ள நோயும் இன்னது மருந்தும் இன்னதுன்னு அவியளே முடிவு பண்ணிட்டாவ. பாளையங்கோட்டைல இருந்து வள்ளியூர் வரைக்கும் படிச்சவிய படிக்காதவியன்னு வித்தியாசமே இல்ல, வண்டிக்குப் பெட்ரோல் போடுத மாதிரி ஏசிக்கும் வருசத்துக்கு ஒருக்கா கேஸ் போடணும்னு ஒரு நெனப்பு எல்லாருக்கும் ஊறிக் கெடக்கு. வாயால சொல்லிச் சொல்லி அலுத்துட்டு. ஆனாலும் போன வாரம் மகாராஜநகர்ல ஒரு வீட்டுக்குப் போயிட்டு வந்த பொறவு எழுதாம இருக்க மனசு வரல.

ரிட்டையர் ஆன டீச்சரம்மா. வீட்டுக்காரருக்குப் பக்கவாதம், படுக்கைலதான் இருக்காரு, அவருக்காகவே வாங்கிப் போட்ட ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி. வாங்குன மறு வருசத்துல இருந்து மூணு கோடைக்கும் கேஸ் போட்டிருக்காவ, ஒவ்வொரு தடவையும் மூவாயிரத்துக்குக் கொறையாம. வந்த பையன் பிரஷர் அளக்குத கேஜ மாட்டி முள்ளக் காட்டி, "பாருங்க டீச்சர், கேஸ் இல்ல"ன்னு சொல்லிட்டு சிலிண்டரத் தெறந்து விட்டுட்டுப் போயிருக்கான். இந்த வருசம் கம்ப்ரசரே போயிட்டு. நான் அவுட்டோர் யூனிட் சைடு மூடியக் கழட்டுனதுமே தெரிஞ்சிட்டு, பெரிய பைப்பு நட்டச் சுத்தி எண்ணெய்ப் பிசுக்கு, அதுல புழுதி அப்பி கருப்பாக் கெடக்கு. நட்டுக்குள்ள உக்காருததுக்காக பைப்பு நுனிய விரிச்சிருப்பாவல்லா, அந்த ஃபிளேர்ல வெடிப்பு. அந்த நுனிய வெட்டிப் போட்டுட்டு புதுசா ஃபிளேர் அடிச்சிருந்தா மொத வருசத்தோட முடிஞ்சிருக்கும். கம்ப்ரசருக்கு வாரண்டி இருக்கு, சரி, ஆனா கேஸும் கூலியும் கைக்காசு, சாமான் வரணும், அதுவரைக்கும் அந்த மனுசர் ஃபேன் காத்துல புழுங்கிக்கிட்டுக் கெடக்காரு. இதுதான் எனக்கு ஆத்தாமையா இருக்கு.

நல்லாக் கேட்டுக்கிடுங்க. ஏசில இருக்க கேஸ் எரியுத சாமான் இல்ல, செலவாவுத சாமானும் இல்ல. அது மூடுன பைப்புக்குள்ள சுத்திச் சுத்தி வருது, உள்ள இருக்க சூட்ட எடுத்து வெளிய கொண்டு போயித் தள்ளுது, திரும்பவும் வருது, அம்புட்டுதான். பத்து வருசம் ஓடினாலும் போட்ட கேஸ் போட்டபடியே இருக்கணும். ஒங்க வீட்டு ஃப்ரிட்ஜுக்கு எத்தன தடவ கேஸ் போட்டீங்க? ராத்திரி பகல் ஓடுதுல்லா அது? அதுலயும் இதே கம்ப்ரசர், இதே சுத்து. ஃப்ரிட்ஜுக்கு வருசா வருசம் கேஸ் போடணும்னு எவனாவது வந்து சொன்னா வெரட்டி விட மாட்டீங்களா? பொறவு ஏசிக்கு மட்டும் எப்படி நம்புதீங்க? ஏசில கேஸ் கொறஞ்சிருந்தா எங்கனயோ ஓட்ட இருக்குன்னு அர்த்தம். இதுக்கு வேற அர்த்தமே கெடையாது. ஓட்டய அடைக்காம கேஸ் போட்டா அந்தக் காசு அதே ஓட்ட வழியா வெளிய போவும். மெதுவாக் கசிஞ்சா ஒரு கோடை தாங்கும், அதனாலதான் "வருசத்துக்கு ஒருக்கா" ன்னு ஒரு கணக்கு ஒங்க மனசுல விழுந்துட்டு.

கேஸ் கொறஞ்ச ஏசிய ஓட்டுததும் தப்பு. கம்ப்ரசர் மோட்டார் சூடாவாம இருக்கதே திரும்பி வர்ற குளிர்ந்த கேஸாலதான். அது பத்தலன்னா மோட்டாருக்குள்ள சுத்தியிருக்க கம்பி, அதான் வைண்டிங், வெந்து போவும். டீச்சரம்மா வீட்டுல நடந்தது அதேதான். குளிர் கொறைஞ்சிட்டே வருது, பைப்புல எண்ணெய்ப் பிசுக்கு தெரியுதுன்னா ஆஃப் பண்ணிட்டு ஆளக் கூப்பிடுங்க, "ஓடுத மட்டும் ஓடட்டும்"னு விடாதீங்க.

குளிரலன்னா ஒடனே கேஸ்தான்னு முடிவு கட்டுததும் தப்பு. நம்ம ஊருல ஆனி ஆடில மேகாத்து அடிக்குத அடில பணகுடி வள்ளியூர் பக்கம் வீட்டுக்குள்ளயே மண்ணு வந்து படியும், அந்தப் புழுதி பூராவும் ஏசி ஃபில்டர்லதான் போயி உக்காரும். ஃபில்டர் அடச்சிட்டுன்னா காத்து போவாது, குளிர வைக்குத பைப்புச் சுருள், அதான் காயில், அதுல ஐஸ் கட்டும். ஐஸப் பாத்ததும் "கேஸ் கம்மி"ன்னு சொல்லுதவனுவ உண்டு. கேஸ் கொறஞ்சாலும் ஐஸ் கட்டும், அது நெசம், ஆனா மொதல்ல ஃபில்டரக் கழுவிப் போட்டுட்டுல்லா பேசணும்! சரியா இருக்க கேஸுக்கு மேல இன்னும் கேஸ ஏத்துனா கரண்டு கூட இழுக்கும், கம்ப்ரசருக்குள்ள கேஸ் ஆவியாவாம திரவமாவே போயி வால்வ ஒடைக்கும். மொட்ட மாடித் தட்டட்டிக்கு நேர் கீழ இருக்க ரூம்ல ஒரு டன் ஏசியப் போட்டுட்டு, அக்னி நட்சத்திரத்துல மத்தியானம் ரெண்டு மணிக்கு 16 டிகிரில வச்சா அது எப்படிக் குளிரும்? காங்கிரீட் வெந்து கெடக்கு. 16ல வச்சா வெரசாக் குளிரும்னு நெனைக்காதீங்க, 24ல வைங்க. 2020 ஜனவரில இருந்து புது ஏசி எல்லாம் ஆன் பண்ணதும் 24லதான் நிக்கணும்னு சட்டமே இருக்கு, ஒரு டிகிரி கூட்டி வச்சா சுமார் 6 சதவீதம் கரண்டு மிச்சம்னு மின்சாரச் சிக்கனத்தப் பாக்குத மத்திய அரசு அமைப்பு பிஇஇ சொல்லுது.

கேஜ் முள்ளக் காட்டுத வித்தையும் சொல்லிருதேன். மெசின் நிக்கும்போது கேஜ்ல தெரியுத பிரஷர் வெளிய எம்புட்டு வெயில்னுதான் காட்டும், உள்ள எத்தன கிராம் கேஸ் இருக்குன்னு காட்டாது. ஓடும்போதும் இன்வெர்ட்டர்ல கம்ப்ரசர் வேகம் ஏறி எறங்கிட்டே இருக்கும், முள்ளும் கூடவே ஆடும். அத வச்சு கேஸ் அளக்கவே முடியாது. சரியான வழி ஒண்ணுதான். நைட்ரஜன் ஏத்தி சோப்பு நுரை வச்சு ஓட்டயக் கண்டுபிடிக்கணும், அடைக்கணும், வேக்கம் பம்ப் போட்டு பைப்புக்குள்ள இருக்க காத்தையும் ஈரத்தையும் அரை மணி நேரமாவது இழுக்கணும், காத்து திரும்ப ஏறாம வேக்கம் நிக்குதான்னு பாக்கணும், பொறவு தராசுல சிலிண்டர வச்சு ஸ்டிக்கர்ல போட்டிருக்க எடை மட்டும் ஏத்தணும். வேக்கம் போடாட்டி பைப்புக்குள்ள ஈரம் தங்கும், எண்ணெயோட சேந்து ஆசிட் ஆவும். கையில தராசும் இல்ல வேக்கம் பம்பும் இல்லன்னா, வந்தவர ஒரு டீ குடுத்து அனுப்பிருங்க.

உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை பக்கம் கடலோரத்துல இருக்கவிய இன்னும் கவனமா இருக்கணும். உப்புக் காத்து காயில அரிச்சு ஊசி முனை அளவு ஓட்ட போடும். அங்கன ஏசி லைனோட எம்சிபிய, அதான் ஓவர் கரண்டுக்கு ட்ரிப் ஆவுத சுவிட்ச, ஆஃப் பண்ணிட்டு அவுட்டோர் யூனிட்ட மாசம் ஒருக்கா நல்ல தண்ணி விட்டுக் கழுவுங்க. போர் தண்ணி வேண்டாம், அதுலயும் உப்பு. காயில் ஓட்டைக்கு ஒட்டுப் போடுததுக்கும் ஒரு அளவு இருக்கு, நாலு எடத்துல அரிச்சிருந்தா காயில மாத்துததுதான் லாபம்.

இப்போ வர்ற ஏசில முக்காவாசி ஆர்-32ங்கிற கேஸ்தான். அது லேசா தீப்பிடிக்கும். ஆர்-290ன்னா புரொப்பேன், அடுப்பு சிலிண்டர்ல இருக்க வகையறா, நல்லாவே பிடிக்கும். தீப்பிடிக்காத பழைய ஆர்-22 கேஸ் காலத்துப் பழக்கத்துல வாய்ல பீடியோட பைப்பக் கழட்டுதவிய இன்னும் இருக்காவ. தம்பி, ஒன்னக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கேன், அத விட்டுரு. ஏசியக் கழட்டுததுக்கு முன்னால ஜன்னலத் தெறந்து வை, இந்த கேஸ் காத்த விட கனம், தரையிலதான் தங்கும். பிரஷர் டெஸ்டுக்கு நைட்ரஜன் இல்லன்னு வெல்டிங் கடைல ஆக்சிஜன் வாங்கி ஏத்தாத, உள்ள இருக்க எண்ணெயோட சேந்தா வெடிக்கும். உசுரு போன எடம் உண்டு.

வீடு மாத்தும்போது ஏசியக் கழட்டுததுலயும் இதே ஆபத்து. கேஸ அவுட்டோர் யூனிட்டுக்குள்ள இழுத்து அடைக்கும்போது நட்டு லூசா இருந்தாலோ, பைப்பு ஒடஞ்சிருந்தாலோ கம்ப்ரசர் காத்த உள்ள இழுக்கும். காத்தும் எண்ணெயும் அமுங்கி சூடாயி அந்தானைக்கு வெடிக்கும். வெளிய பால்கனில ஆள் வேல பாக்கும்போது குஞ்சு குளுவானுவள பக்கத்துல விடாதீங்க. பிளம்பர், எலக்ட்ரீசியன், தெரிஞ்ச பையன் யாருகிட்டயும் "சும்மா கழட்டிக் குடு தம்பி"ன்னு சொல்லவும் செய்யாதீங்க.

கரண்டு விசயம் ரெண்டே வார்த்தை. ஏசிக்குத் தனி லைன், தனி எம்சிபி, எர்த் கண்டிப்பா. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல ஏசி ஓட்டுத வீட்டப் பாத்தா எனக்குப் பகீர்னு இருக்கு. பிளக் கருகிருந்தா டேப் சுத்தாதீங்க, மாத்துங்க.

அடுத்த தடவ எங்களக் கூப்பிடும்போது "கேஸ் போடணும்"னு சொல்லாதீங்க, "குளிரல, என்னன்னு பாருங்க"ன்னு சொல்லுங்க. கேஸ்தான் கொறவுன்னு வந்தவர் சொன்னா ஓட்ட எங்கனன்னு கேளுங்க, காட்டச் சொல்லுங்க, பில்லுல எத்தன கிராம் ஏத்துனாருன்னு எழுதி வாங்குங்க. இன்னொண்ணு, அவுட்டோர் யூனிட்ல ஒட்டியிருக்க ஸ்டிக்கர இன்னைக்கே ஒரு போட்டோ எடுத்து போன்ல வச்சிக்கிடுங்க. எந்த கேஸ், எத்தன கிலோன்னு அதுலதான் இருக்கு, நம்ம ஊரு வெயிலுக்கு அது சீக்கிரமே வெளிறிப் போவும், பொறவு யாராலயும் படிக்க முடியாது.