குளோண்டைக் கடிதங்கள்: ஈரத்துணியைத் தள்ளி வையுங்கள்

கனடாவின் யூக்கான் பகுதியில், குளோண்டைக் ஆற்றில் சேரும் ஓர் ஓடையில் 1896 ஆகஸ்டில் தங்கம் கிடைத்தது. மறுவருஷம் ஜூலையில் தங்கம் ஏற்றிய கப்பல்கள் சான் பிரான்சிஸ்கோவுக்கும் சியாட்டிலுக்கும் வந்ததும், ஆயிரக்கணக்கானோர் வடக்கே கிளம்பினார்கள். அவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் இன்னும் குடும்பப் பெட்டிகளிலிருந்து வெளிவருகின்றன. நூறு வருஷம் தாங்கிய கடிதம், சுத்தம் செய்கிறேன் என்று ஒருவர் உட்காரும் ஒரே பிற்பகலில் போய்விடும்.

முதலில், எதைக்கொண்டு எழுதியது என்று பாருங்கள். தங்கம் தேடிப் போனவர்கள் கூடிய டாசன் நகரில் குளிர் மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே இறங்கும். கூடாரத்தில் மைப்புட்டி உறைந்துவிடும். அதனால் பென்சில்தான் கைகொடுத்தது. அதிலும் இரண்டு வகை. ஒன்று சாதாரண கிராஃபைட். மற்றது கிராஃபைட்டில் ஊதா அனிலின் சாயம் கலந்த நகல் பென்சில். காய்ந்த நிலையில் இரண்டும் சாம்பல் நிறம்தான், வெறுங்கண்ணுக்குப் பிடிபடாது. 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். நுனியை நாக்கில் நனைத்து எழுதியிருந்தால், முதல் சில எழுத்துகள் அடர் ஊதாவாக இருக்கும், போகப்போகச் சாம்பலாகும். மறுபடி நனைத்த இடத்தில் மறுபடி ஊதா.

அந்த ஊதாவைக் கண்டால் நீராவி, இஸ்திரிப்பெட்டி, ஈரப்பஞ்சு, பசை எதுவும் வேண்டாம். சாயம் கரைந்து மறுபக்கத்துக்கும் அடியிலுள்ள தாளுக்கும் ஊறும். திரும்ப எடுக்க வழியில்லை. வெயில் பட்டால் வெளுக்கும் என்பதால் சட்டம் போட்டு மாட்டவும் கூடாது.

காகிதம் மலிவான மரக்கூழாக இருந்தால், அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் சிதைந்து அமிலமாகி மடிப்புகள் மொறுமொறுத்திருக்கும். ஒவ்வொரு மடிப்பாகத் திறவுங்கள். சத்தம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். திறந்ததை இரண்டு ஒற்றுத்தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே கண்ணாடித் தகடும் ஒரு கனமான புத்தகமும் வைத்தால் ஒரு வாரத்தில் ஓரளவு படியும். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும். பாலியெஸ்டர் உறையும் பென்சில் எழுத்துக்கு ஆகாது, நிலைமின்சாரம் தூளை இழுத்துக்கொள்ளும். அமிலமற்ற தாள் மடிப்புறை போதும்.

மங்கிய வரிகளைப் படமெடுக்க, விளக்கை இடப்பக்கம் மேசை மட்டத்துக்குத் தாழ்த்துங்கள். பென்சில் அழுத்திய பள்ளங்கள் நிழலாகத் தெரியும்.

தபால்தலைக்காக உறையை வெட்டிவிடுகிறார்கள், அதுதான் பெரிய நஷ்டம். டாசன் கனடாவில், ஸ்காக்வே துறைமுகம் அமெரிக்க அலாஸ்காவில். ஊர் திரும்புகிறவரிடம் கடிதத்தைக் கொடுத்தனுப்பினால், அவர் ஸ்காக்வேயிலோ சியாட்டிலிலோ அமெரிக்கத் தபால்தலை ஒட்டித் தபாலில் போடுவார். உள்ளே டாசன், ஜனவரி. உறையில் வேறு நாட்டு முத்திரை, பல வாரம் தள்ளிய தேதி. பிழை என்று ஒதுக்காதீர்கள், கடிதம் வந்த வழி அதில்தான் இருக்கிறது. இரண்டு தேதிகளையும் மடிப்புறை மேல் பென்சிலால் குறித்துவிட்டு, பிறகு கடிதத்தை உள்ளே வையுங்கள்; வைத்தபின் எழுதினால் அழுத்தம் கடிதத்தில் பதியும்.