ஆண்டுக்கு ஓர் ஈற்று: ஆப்பிரிக்க முள்ளம்பன்றியின் கணக்கு

முள்ளம்பன்றி பெயரில்தான் பன்றி. உண்மையில் எலி, அணில்களைப் போன்ற கொறிவிலங்கு. தென்னாப்பிரிக்காவில் பேசப்படும் ஆப்பிரிகான்ஸ் மொழியிலும் இதன் பெயர் 'இரும்புப் பன்றி'தான். எலி வகை என்று தெரிந்தவர்களோ, எத்தனை கொன்றாலும் பெருகிவிடும் என்கிறார்கள். கணக்கு பிசகுவது அங்கேதான்.

கென்யாவிலிருந்து தென்னாப்பிரிக்கா வரை வாழும் கேப் முள்ளம்பன்றி 10 முதல் 24 கிலோ வரை எடையுள்ளது. ஆணும் பெண்ணும் பிரியாமல் ஒரே வளையில் வாழும். கூட்டத்தில் மூத்த பெண் மட்டுமே ஈனும். சினைக்காலம் சுமார் 94 நாள். பெரும்பாலும் ஒரு குட்டி, சிலசமயம் இரண்டு, அரிதாக மூன்று. பால்குடி ஏறத்தாழ 100 நாள். அது முடிந்தாலும் உடனே சினை பிடிக்காது. மாதத்துக்கு ஒன்றாக மூன்று முதல் ஏழு சினைப்பருவங்கள் வீணாகக் கழியும். எல்லாம் கூட்டினால் ஆண்டுக்கு ஓர் ஈற்றுதான். தாய் ஒன்றைக் கொன்றால் அந்த வளையின் ஓராண்டுப் பெருக்கமே நின்றுபோகலாம்.

குட்டி 300 முதல் 440 கிராம் எடையுடன், கண் திறந்தே, வெட்டுப்பல் முளைத்தே பிறக்கும். முட்கள் மட்டும் மென்மையாக இருக்கும், இல்லையென்றால் தாய் பாடு என்னாவது! காற்றுப் பட்டதும் அவை இறுகத் தொடங்கும். இரண்டு மூன்று வாரத்தில் குட்டி திட உணவைக் கொறிக்கும். ஓராண்டில் முழு வளர்ச்சி அடையும்.

முள்ளை எய்வது கட்டுக்கதை. வேர்ப்பிடிப்பு தளர்வு என்பதால், பின்பக்கமாகப் பாய்ந்து மோதும்போது எதிரியின் உடலில் குத்தி நின்றுவிடும். நஞ்சு கிடையாது. வட அமெரிக்க இனத்தின் முள்ளில் இருக்கும் கொக்கியும் இதில் இல்லை. ஆனாலும் பாதத்திலோ தாடையிலோ முள் தங்கிச் சீழ் பிடித்தால், சிங்கம்கூட வேட்டையாட முடியாமல் பட்டினி கிடக்கும்.

வளர்ப்பு நாய்க்கு முள் ஏறினால் 'காற்று போகட்டும்' என்று முனையை நறுக்காதீர்கள். முள் பிளந்து உள்ளே சிதறும். தோலை ஒட்டிப் பிளையரால் பிடித்து, குத்திய கோட்டிலேயே நேராக இழுக்க வேண்டும். மார்பு, வயிறு, கண், தொண்டை, மூட்டுப் பகுதி முட்களைத் தொடாமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்; மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க முடியும்.

உருளைக்கிழங்கு, பூசணி வயல்களுக்குச் சேதம் உண்டுதான். கம்பிவலையை அரை மீட்டர் ஆழத்துக்குப் புதைத்து, அடிப்பகுதியை வெளிப்புறம் மடித்துவிட்டால் தோண்டி நுழைவது குறையும். தரையை ஒட்டி மின்கம்பி கட்டுவது சுலபம். ஆனால் முள்ளம்பன்றி வருகிறதோ இல்லையோ, ஆமையும் எறும்புண்ணியும் அதில் பட்டுச் சாகும். ஆமை ஓட்டுக்குள் ஒடுங்கும், எறும்புண்ணி பந்தாகச் சுருளும். இரண்டும் கம்பியை விட்டு விலகாமல் திரும்பத் திரும்ப மின்சாரம் வாங்குகின்றன.